நூற்றுக்குப் பதினெட்டு

“நூத்துக்குப் பதினெட்டு. ஸ்கூல்ல கூட நான் இவ்வளவு கம்மியா வாங்கினதில்ல.”

“வாங்கியிருக்கீங்க. அத்தை சொல்லியிருக்காங்க,” என்றாள் மனைவி, கடிதத்தைக் கையில் வாங்கியபடி.

சலவைக் கம்பெனியிலிருந்து வந்த கடிதம் அது. பணம் கட்டினால் அவர்கள் பெயரில், அவர்கள் நீலப் பலகையோடு நாமும் ஒரு கடை திறக்கலாம். அதற்கு முன்னால், ஏற்கெனவே கடை நடத்துகிற ஒருவரிடம் ஒரு வாரம் வேலை பழக வேண்டும். அவர் போடுகிற மார்க் ஐம்பதைத் தாண்டினால்தான் ஒப்பந்தம்.

பதினெட்டு வாங்கியவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஆள் குறைப்பில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அது முழுவதையும் போட்டு, போதாததற்கு வீட்டையும் அடமானம் வைத்தால் கடை கைக்கு வந்துவிடும். பத்திரம் ஒரு மாதமாகவே பிளாஸ்டிக் உறைக்குள் தயாராக இருந்தது.

“ஏழு நாளும் காலைல முதல் ஆளாப் போய் நின்னேன். இருநூத்துப் பத்து சட்டை மடிச்சேன். ஒரு காலர் கோணல் கிடையாது. அந்த உம்மணாமூஞ்சி ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமே.”

“என்னதான் சொன்னார்?”

“‘உங்களுக்கு இது சரிப்படாது சார், வேற ஏதாவது பாருங்க.’ தினமும் இதே பாட்டு.”

சோபாவில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த மனைவியின் தம்பி நிமிர்ந்தான்.

“மாமா, நீங்க கடை போட்டா அவருக்குப் போட்டி. வயித்தெரிச்சல்.”

“நான் போடப்போறது ஊருக்கு அந்தப் பக்கம்டா. இன்னொண்ணு, ஒரு ஆளைப் பாஸ் பண்ணிவிட்டா, கம்பெனிக்கு மாசாமாசம் கட்டுற ராயல்டி அவருக்கு ரெண்டு மாசம் தள்ளுபடி. எனக்கு மார்க் போட்டா அவருக்குத்தான் லாபம்.”

“அது பத்தலை போலிருக்கு. ஒரு கவரை நீட்டுங்க, பதினெட்டு திரும்பிப் படுத்து எண்பத்தொண்ணு ஆயிடும்.”

“லஞ்சமா? முப்பது வருஷத்துல ஒரு போல்ட்டைக் கூட நான் வெளியில விட்டதில்ல.”

“அதான் உங்களை வெளியில விட்டுட்டாங்க.”

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “போய்ப் பேசிட்டாவது வாங்க. வீட்டுல இருந்தா என் மசாலா டப்பாவுக்கெல்லாம் நம்பர் ஒட்டுறீங்க.”

கம்பெனிக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கடைக்காரர் மார்க்கைத் திருத்தி அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள்.

வியாழக்கிழமை மதியம் கவரோடு போனார்.

கடைக்காரர் ஒரு கால்சட்டையில் அடையாளத் துணியைக் குத்திக்கொண்டிருந்தார். கவர் பில் புத்தகத்துக்கு அடியில் நுழைந்ததைப் பார்த்தார்.

“என்ன சார் இது?”

“ஒண்ணுமில்ல. பசங்களுக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க.”

“ரெண்டு பசங்களுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு.” கவர் அதே வழியில் திரும்பி வந்தது.

“பத்தலையா?”

கடைக்காரர் அந்தக் கால்சட்டையின் பையில் கைவிட்டுத் துழாவி, நனைந்து காய்ந்த ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தொழில் தெரிந்தவன் என்று நிரூபிக்க வந்தோமா, விலை பேச வந்தோமா என்று ஸ்டோர் கீப்பருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. கவரைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

“சார், நாளைக்குள்ள நீங்க ஒரு மெயில் தட்டினாப் போதும். வீட்டை வைக்கக்கூடத் தயாரா இருக்கேன். உங்களுக்கும் ரெண்டு மாச ராயல்டி மிச்சம். அது வேண்டாமா?”

“வேணும் சார். ரொம்ப வேணும். போன மாசத்துதே நிக்குது.”

“அப்புறம் என்ன?”

“அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. கம்பெனியைப் பத்தி வெளியாள்கிட்ட வாயைத் திறந்தா டெபாசிட் போயிடும்னு எழுதி வாங்கியிருக்காங்க. நான் மார்க் போடலாம். அவ்வளவுதான்.”

“கம்பெனியைப் பத்தி யாரு கேட்டா? நான் என் மடிப்பைப் பத்திக் கேக்கறேன்.”

கடைக்காரர் கடையின் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத பார்வை.

உள்ளே மேஜையில் ஒருவர் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, முழுக்கைச் சட்டை. கை பட்டதா இல்லையா என்று தெரியாமல் ஒவ்வொரு சட்டையும் ஒரே அளவில் மடிந்து விழுந்தது. ஸ்டோர் கீப்பர் வேலை பழகிய வாரத்தில் அவர் அங்கே இல்லை.

“புது ஆளா?”

“சம்பளத்துக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகுது.”

ஸ்டோர் கீப்பருக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“அவர் மடிக்கிறதைப் பாருங்க. அதுக்கு மேல யாரும் மடிக்க முடியாது. அவருக்காவது மனசு வந்து மார்க் போடுவீங்களா, இல்ல அவருக்கும் பதினெட்டுதானா?”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. தலை நிமிரவில்லை.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“போன வருஷம் என்கிட்ட பழக வந்தப்பவே அவருக்குத் தொண்ணூத்தெட்டு போட்டுட்டேன் சார். அவரும் வீட்டை வச்சுத்தான் கடை எடுத்தார்.”