அத்தையின் கஷாயம்

"என்னங்க, இன்னும் இடிச்சு முடியலையா? மூக்கடைச்சு உயிர் போகுது."

அத்தை சோபாவில் சாய்ந்தபடியே குரல் கொடுத்தாள். பின்னாலேயே மூன்று தும்மல்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கவாதத்திலிருந்து எழுந்து ஆறு மாதம்கூட ஆகாத மனுஷர் மாமா. முப்பது வருஷம் லாரி ஓட்டிய வலது கையில் இன்று ஒரு டம்ளர் நிற்காது. அந்தக் கையால் சமையலறை மேசையில் சின்ன உரலை வைத்துக்கொண்டு, கஷாயச் சரக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழவி இரண்டு தடவை நழுவி உருண்டது.

"மிக்ஸியில போட்டா ரெண்டே சுத்து. கொடுங்க மாமா."

"வேண்டாம்மா. மிக்ஸியில அரைச்சா உங்க அத்தைக்குக் கேட்காதாம்."

மருமகள் அத்தையிடமே போனாள்.

"அத்தை, நான் மருந்துக்கடையில வேலை பாக்கிறேன். மரமெல்லாம் பூக்கிற இந்த சீசன்ல பாதிப் பேர் தும்மிக்கிட்டேதான் கடைக்கு வர்றாங்க. ஒரு மாத்திரையில அடங்கிடும்."

"உன் மாத்திரையைப் போட்டா நாள் பூரா தூங்கி வழியணும்."

"அப்ப நானாவது இடிச்சுத் தரேன்."

"உனக்கு அந்தக் கைப்பக்குவம் வராதும்மா." மருமகளைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ஆடாதோடை இலை நல்லா மசியணும்."

என்ன நெஞ்சழுத்தம். சாயங்காலம் புருஷனிடம் சொல்லி இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டியதுதான்.

கைப்பையை எடுக்க உள்ளறைக்குப் போனவள் சற்று நேரத்தில் திரும்பியபோது, அத்தை சோபாவில் இல்லை. கதவு மறைவில் நின்று, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

மிளகுப் பொடி.

அடுத்த நொடி நாலு தும்மல், வீடு அதிர.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"மெதுவாப் பேசு." அத்தை பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "கைக்குப் பயிற்சி சொல்லித்தர வந்தவர் ரப்பர் பந்து கொடுத்தார். நான் என்ன கைக்குழந்தையான்னு ஜன்னல் வழியா வீசிட்டார் உங்க மாமா. தனக்குன்னா ஒரு விரலை அசைக்க மாட்டார். எனக்கு ஒண்ணுன்னா எழுந்து வந்துடுவார். முந்தாநாள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கிட்டார், பாத்தியா? எனக்குத் தும்மல் நின்னு ஒரு மாசமாச்சு."

மருமகள் கைப்பையைக் கீழே வைத்தாள்.

மாமா தானே கொதிக்கவைத்து, வடிகட்டி, இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்தபடி வந்தார். அத்தை ஒரே மடக்கில் குடித்தாள். முகம் அஷ்டகோணலாகப் போனது.

"அப்பப்பா, என்ன கசப்பு."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு மருமகள் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே மாமாவும் வந்தார்.

"அத்தை பாவம் மாமா" என்றாள், பொதுவாக.

"நாப்பது வருஷமாக் கேக்கிற தும்மல்மா. நிஜம் எது, மிளகு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாமா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆடாதோடையை நிறுத்திப் பத்து நாளாச்சு. வெறும் சுக்கு, ஏலக்காய், தேன்தான். ஒண்ணுமே இல்லாதவளுக்கு எதுக்கும்மா அந்தக் கசப்பு?"