வீட்டுக்கு ஒரு கணக்கு

அவர் பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

அவருடைய பெயர். அவருடைய படம். தலைவர் பிறந்தநாளன்று கட்சித்துண்டு போட்டுக்கொண்டு எடுத்த படம். அதை ஒட்டி, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கருத்து.

நேற்றைய தொலைக்காட்சி விவாதத்தை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நான்கு சதுரங்களுக்குள் நான்கு பேர் கத்த, நெறியாளர் தனியாளாக நின்று நால்வரையும் கத்தித் தோற்கடித்த விவாதம். தலைப்பு, பெண்ணுரிமை. ஐந்து பேரும் ஆண்கள். பாதி நேரம் பனியன் விளம்பரம்.

அதற்குக் கீழே அவர் எழுதியதாக இருந்தது இது:

'எங்க கட்சிதான் பொம்பளைகளைக் கைதூக்கி விட்டுச்சுன்னு அந்த நாலாவது ஆள் சொல்றாரு. முப்பது வருசமா அந்தக் கட்சிக் கூட்டம் நம்ம வீட்டுலதான் நடக்குது. உரிமை உரிமைன்னு பேசிட்டு, தின்ன தட்டை எடுத்து வச்சவன் ஒருத்தனைக் காட்டுங்க. அவனுக்கு என் ஓட்டு.'

இரண்டாயிரத்துச் சொச்சம் லைக்.

அவர் கொதித்தார். விருதுநகர் வெயில் வெட்கப்பட்டு ஒதுங்கும் அளவுக்குக் கொதித்தார்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து கருத்து எழுதுகிறார். தமிழ்நாட்டில் அவர் திருத்தாத செய்தி இல்லை, கண்டிக்காத நெறியாளர் இல்லை. அவருடைய உச்சம் பதினொரு லைக். அதில் ஒன்று அவரே போட்டுக்கொண்டது.

பாஸ்வேர்ட் வெளியே போனதற்குப் பிரவுசர்தான் காரணம். சந்தேகமே இல்லை.

பிரவுசர் என்பது எதிர்வீட்டு ஜன்னல். என்ன வாங்கினாய், எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். போன வாரம் மூட்டுவலித் தைலம் என்று ஒரே ஒரு முறை தேடினார். அன்றிலிருந்து செய்தியைத் திறந்தாலும் தைலம், ராசிபலனைத் திறந்தாலும் தைலம். மூட்டுவலியை விற்றவன் பாஸ்வேர்டை விற்க மாட்டானா?

போன் அடித்தது. வட்டச் செயலாளர் அய்யம்பெருமாள்.

"அண்ணாச்சி, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? ஞாயித்துக்கிழமை மேடையில மூத்த முன்னோடின்னு உங்களுக்குச் சால்வை. அமைச்சர் கையால. இப்ப மாவட்டம் என்னைக் கூப்பிட்டுக் கிழிக்கிறாரு."

"நான் எழுதலய்யா! எவனோ ஹேக் பண்ணிட்டான்!"

"அப்ப அதை அழிச்சிட்டு, அது நான் இல்லைன்னு ஒரு வரி போட்டுருங்க. சால்வைக்கு நான் பொறுப்பு. போடுங்க, லைன்லயே இருக்கேன்."

சால்வை.

அதற்காகத்தான் ஊரிலுள்ள அத்தனை சுவருக்கும் பசை வாளி தூக்கினார். சீனப் பெருஞ்சுவர் மட்டும்தான் பாக்கி.

போனை ஸ்பீக்கரில் போட்டார். மடிக்கணினியில் தன் கணக்கின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தார். கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று அது காட்டியது.

இந்த மடிக்கணினி.

ஒரு டேப்லெட். விருதுநகர். இப்போது பயன்பாட்டில்.

கீழே ஒரு கேள்வி: இது நீங்கள்தானா?

டேப்.

மகள் தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கித் தந்தது. பக்திப்பாட்டு கேட்க. அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கட்டுமா என்று மகள் கேட்டாள். எதற்கு என்றார் அவர். வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு. வீட்டுக்கு ஒரு காஸ் இணைப்பு. அவளுக்கு எதற்குத் தனிக் கணக்கு? என்னுடையதையே போட்டுக் கொடு.

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

ஒற்றை விரலால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். இத்தனை நாளும் மனைவி செல்லத்தாய் பாட்டு மாற்றுகிறாள் என்று நினைத்திருந்தார்.

இப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை.

அவர் சொன்ன சின்னத்துக்குத்தானே இவ்வளவு காலமும் ஓட்டுப் போட்டாள்?

போட்டாளா?

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் யார் போய்ப் பார்த்தது?

அவர் இலக்கணம் பார்த்து, மேற்கோள் தேடி, மூன்று முறை திருத்தி எழுதியதற்குப் பதினொன்று. இவள் படுத்துக்கொண்டே தட்டியதற்கு இரண்டாயிரம்!

'இல்லை' என்ற பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார். அழுத்தினால் டேப் வெளியேறிவிடும். பிறகு எழுதியதை அழித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சால்வைக்குக் கழுத்தை நீட்டினால் போதும்.

டொக். டொக்.

"என்ன அண்ணாச்சி, அழிச்சாச்சா?" அய்யம்பெருமாள் போனுக்குள் சிரித்தார். "படிச்சாலே தெரியுது, எவளோ வேலைவெட்டி இல்லாத பொம்பளை எழுதினதுன்னு. சோத்தை வடிச்சோமா, சீரியலைப் பார்த்தோமான்னு கிடக்காம."

அய்யம்பெருமாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து, கடைசி ஆளாக எழுந்து, நடுவில் மூன்று முறை ரசம் கேட்கிறவர்.

"யாருய்யா வேலைவெட்டி இல்லாதவ?"

"அண்ணாச்சி?"

"கேக்கிறேன்ல, யாரு?"

"இல்ல அண்ணாச்சி, ஹேக் பண்ணினது..."

"எவனும் ஹேக் பண்ணல. நான்தான்யா எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் நான்தான். போய்ச் சொல்லு, உன் மாவட்டத்துக்கிட்ட!"

அவர் போட்ட சத்தத்தில் தெருவில் போன காய்கறி வண்டி நின்றது. மூன்றாவது வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

போனை அணைத்தார். 'ஆம், நான்தான்' என்பதை மவுஸ் நொறுங்கும்படி அழுத்தினார்.

உள்ளறையில் சத்தம் நின்றிருந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வண்டிக்காரர் கத்தரிக்காய் என்று ஒரு முறை கூவிவிட்டுப் போனார்.

பிறகு, டொக் டொக் டொக் டொக்.

இந்த முறை இரண்டு விரல்.