கீழ் வீட்டுக்கு ஆள்

"நாய், பூனை எதுவும் இல்லையே?"

"இல்ல."

"சிகரெட்?"

"விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

பெர்னிஸ் படிவத்தில் இரண்டு டிக் அடித்தாள். ஹாமில்டனில் பத்து வருடமாக வாடகை வீட்டுத் தரகு பார்ப்பவள். இந்த ஆள் தேறுவான் என்று அவளுக்குப் பட்டது. பெயர் ரஸ்ஸல், வயது நாற்பது, லாரி கம்பெனியில் மெக்கானிக். பூட்ஸை வாசலிலேயே கழற்றி, பனியைத் தட்டிவிட்டு ஓரமாக வைத்திருந்தான்.

வீட்டுக்காரி லோர்னா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். இரவு டியூட்டி முடித்து வந்த நர்ஸ்; இன்னும் தூங்கவில்லை. வந்தவனை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பார்க்கவே இல்லை.

இது நாலாவது ஆள். விவாகரத்து முடிந்து, வீட்டுக் கடனைத் தன் ஒருத்தி பெயருக்கு மாற்றிக் கேட்டபோது வங்கி ஒரு நிபந்தனை போட்டது. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்ட ஒப்பந்தம் திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். வராவிட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு தெரு, வேறு பள்ளிக்கூடம்.

இன்று வெள்ளி.

"வாங்க சார், கீழ போய்ப் பாத்துடலாம்."

படிக்கட்டு இருட்டாக இருந்தது. பாதி வழியில் தாழ்வாக ஓர் உத்தரம். ரஸ்ஸல் குனிந்து இறங்கினான். பின்னால் வந்த பெர்னிஸ் நங்கென்று இடித்துக்கொண்டாள்.

"என் தலைக்குன்னே பண்ணி வெச்சிருக்காங்க. நாலு தடவை வந்தாச்சு, நாலு தடவையும் இடி." நெற்றியைத் தேய்த்தபடி விளக்கைப் போட்டாள்.

ஒரு அறை, ஒரு அடுப்பு, தரை மட்டத்தில் ஒரு குட்டி ஜன்னல். அதில் பாதியைப் பனி மூடியிருந்தது.

"எதுக்கு சார் வீடு மாத்துறீங்க?"

"டைவர்ஸ்."

"பழைய வீட்டுல எத்தனை வருஷம்?"

"பதினோரு வருஷம். நாலு மாசமா தம்பி வீட்டு சோபா. தம்பி பொண்டாட்டி காபி குடுக்கும்போதே காலண்டரைப் பாக்குது."

பெர்னிஸ் சிரித்தாள். "ஊர்ல பாதி பேஸ்மென்ட்டு இப்படித்தான் நிரம்புது சார். ரெண்டு சம்பளத்துல ஒரு வீடு ஓடுச்சு. அதே ரெண்டு சம்பளத்துல இப்ப ரெண்டு வீடு ஓடணும்னா எப்படி?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். மேல ரெண்டு பசங்க. சனிக்கிழமைகூட காலையில ஆறு மணிக்கு உங்க தலைக்கு மேல குதிரைப் பந்தயம்தான். போன வாரம் வந்த ஆளு அதைக் கேட்டே ஓடிட்டான்."

ரஸ்ஸல் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"ஓடட்டும்."

"அந்த ஆளா?"

"பசங்க. சத்தம் இல்லாட்டிதான் எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

படியின் மேலிருந்து லோர்னாவின் குரல் வந்தது. "பெர்னிஸ், அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. குளிச்சுட்டு ஈரத் துண்டைத் தரையிலேயே போட்டுட்டுப் போற பழக்கம் உண்டான்னு."

"கீழ்த்தளம் இல்லையா சார், பூஞ்சை பிடிச்சுடும். அதான் கேக்குறாங்க," என்று பெர்னிஸ் சமாதானம் சொன்னாள்.

"இருந்துச்சு," என்றான் ரஸ்ஸல். "தம்பி வீட்டுல போய் விட்டுட்டேன்."

மேலே வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினான். சம்பளச் சீட்டு, முதல் மாதத்துக்கும் கடைசி மாதத்துக்குமான முன்பணக் காசோலை எல்லாம் தயாராகக் கொண்டு வந்திருந்தான். வாடகையில் ஒரு டாலர்கூடக் குறைத்துக் கேட்கவில்லை.

பெர்னிஸ் லோர்னாவை ஓரமாக இழுத்தாள். "திங்கட்கிழமைக்குள்ள இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டாங்க. இன்னும் என்ன யோசனை?"

"யோசனை எல்லாம் இல்ல. களைப்பு."

"மத்தவங்கள எல்லாம் அஞ்சு நிமிஷத்துல வேணும், வேணாம்னு சொன்னீங்களே?"

லோர்னா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்கேட்டிங் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வர இன்னும் இருபது நிமிடம். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பள்ளிக்கூடத்து அட்டவணை காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் வரைக்கும் போட்டிருந்தார்கள்.

மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை ரஸ்ஸலின் பக்கம் தள்ளினாள்.

"அப்பாடா," என்று காகிதங்களை அடுக்கிய பெர்னிஸ் நிறுத்தினாள். "சார், ஒரு கட்டத்தைக் காலியா விட்டுட்டீங்களே. முந்தைய விலாசம். சோபா எல்லாம் செல்லாது, அந்தப் பதினோரு வருஷ வீட்டோட விலாசம் வேணும்."

ரஸ்ஸல் பேனாவை எடுத்தான். எழுதாமல் எதிரே இருந்தவளைப் பார்த்தான்.

லோர்னா கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"இதே விலாசம்தான், ரஸ். மேல் வீடுன்னு எழுது."