முப்பது மோனை

மிஸஸ் பிர்கெட் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

ஆடுகள் குட்டி போடும் காலம். கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் அயோடின் கறை, கோட்டின் கையில் ஒரு வைக்கோல் துணுக்கு.

பக்கத்தில் மகன் ரோவன். மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளி ஹாலில் வரிசையாக மேசைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர், எதிரே ஒரு குடும்பம். ஹெஸ்கெத்தின் மேசைக்கு முன்னால்தான் எப்போதும் கூட்டம். கவிதைப் பாடத்தில்கூடப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிறவர் என்று அந்த ஏரிக்கரை ஊரில் அவருக்குப் பெயர்.

இன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. ரோவனின் கட்டுரையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு வேகமாகப் பேசினார்.

"நல்லா எழுதறான், மிஸஸ் பிர்கெட். ஒரு கதைப்பாட்டு நடத்தினோம். படகுக்காரன் ஒருத்தன் புயல்ல ஏரியைக் கடக்கறான், அக்கரையில காத்திருக்கிற பொண்ணுக்காக. மத்த பசங்க நான் போர்டுல எழுதினதையே திருப்பி எழுதிட்டாங்க. இயற்கையோட சீற்றம், தனிமை, புத்தியை மீறின காதல், இதெல்லாம் ரொமான்டிக் கவிதையோட அடையாளம்னு. உங்க பையன் சத்தத்தைக் கவனிச்சிருக்கான். ஏரி சும்மா கிடக்கிற வரைக்கும் நீள நீளமா ஓசை வருது, பாறை வந்ததும் எல்லாம் வல்லெழுத்தா முட்டுதுன்னு எழுதியிருக்கான். அது நான் சொல்லிக்கொடுக்காதது."

"எழுதுவான் சார். அது எனக்குத் தெரியும். நான் வந்தது வேற விஷயத்துக்கு."

ஹெஸ்கெத் கட்டுரையை மூடினார். இந்த வாக்கியத்தை அவர் சில நாட்களாகவே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அவருக்குப் புரியவில்லை.

"பஸ்ல பிள்ளைங்க எல்லாம் இவனை 'முப்பது, முப்பது'ன்னு கூப்பிடறாங்க. இதுக்கு முன்னாடி இவனை யாரும் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. என்னடா அதுன்னு கேட்டேன். நீங்கதான் வகுப்புல எல்லார் முன்னாடியும் சொன்னீங்களாம். 'கவிஞர் மூணு மோனைதான் வெச்சாரு, நம்ம பிர்கெட் முப்பது வெக்கிறான்'னு."

அவள் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. பாராட்டை ஒரு சொல் சிந்தாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவளைப் போலச் சொன்னாள்.

ஹெஸ்கெத்துக்குக் காது மடல் சுட்டது.

அவர் அதைச் சொல்லியிருந்தார். அதே சொற்கள்தான்.

'பாறையில் படகு பிளந்தது' என்ற வரி. ரோவன் நின்றுகொண்டு வாசித்தான். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. ப, ப, ப என்று அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ பின்னால் கிளுக்கென்று சிரித்தார்கள். ஹெஸ்கெத்துக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அந்த நகைச்சுவை. வந்ததும் சொல்லிவிட்டார். வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது. தானும் சிரித்தது அவருக்கு நினைவிருக்கிறது.

ரோவன் மீதி வரியை வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு ஒண்ணுதான் தெரியலை சார்," என்றாள் மிஸஸ் பிர்கெட். "நான் பதினாறு வயசுலயே படிப்பை விட்டவ. மோனைன்னா என்ன? இவன்கிட்ட கேட்டா, அதெல்லாம் உனக்குப் புரியாதுங்கறான்."

ஹெஸ்கெத் எத்தனையோ வருடங்களாக வகுப்பில் சொல்லிவரும் விளக்கம்தான். ஒரே ஓசை சொற்களின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது. சொன்னால் அவளுக்கு உடனே புரிந்துவிடும். இந்தப் பையனைப் பெற்று வளர்த்தவளுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படாது.

அவர் ரோவனைப் பார்த்தார். அவனும் அப்போதுதான் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் இருந்தது.

"அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பா... பா... பாட்டுல," என்றான் ரோவன், அம்மாவின் பக்கம் திரும்பி. அவள் அவசரப்படாமல் காத்திருந்தாள். "பாட்டுல நல்லா இருக்கிற இடம்மா. அதுக்குப் பேருதான் மோனை."

"அப்படியா சார்?"

"ஆமா," என்றார் ஹெஸ்கெத்.

தலையையும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே மேசைமீது இருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

பின்னால் அடுத்த குடும்பம் வந்து நின்றது. மிஸஸ் பிர்கெட் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"ரொம்ப நாளா கொட்டகையில ஆடுங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டிருந்தான் சார், அந்த ஒரு இடத்தை மட்டும். 'இந்த வரி முட்டி முட்டித்தாம்மா வரணும், படகு பாறையில முட்டுதில்ல. இதை என்னைவிட நல்லா யாரும் வாசிக்க முடியாது'ன்னான். சரிதான் போலிருக்கு."

இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள். ரோவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த தாயும் தகப்பனும் உட்கார்ந்து, தங்கள் மகளின் பெயரைச் சொன்னார்கள். ஹெஸ்கெத்தின் காதில் அது விழவில்லை.

அன்றைக்கு வகுப்பில், "யார் வாசிக்கறீங்க?" என்றுதான் அவர் கேட்டிருந்தார்.

கை தூக்கியது ரோவன் ஒருவன்தான்.