கீழாநெல்லி வைத்தியம்

லூர்தம்மாளின் ஈரலில் மஞ்சள்காமாலை வைரஸ் பல வருடமாகக் குடியிருந்தது. ஆனாலும் அதனால் ஈரலில் விழுந்த தழும்பு கூடவில்லை என்று டாக்டர் மலர்விழி சொன்னதும், கணவர் சூசைமாணிக்கம் மீசையை நீவிக்கொண்டார்.

“எல்லாம் கீழாநெல்லி, டாக்டரம்மா. தெனமும் நானே பறிச்சு நானே அரைச்சுக் குடுக்குறேன்.”

அவர் ஆட்டோ பார்க்க வெளியே போனதும் மலர்விழி சிரித்தார்.

“உங்க ரத்தக்கொதிப்புக்கு நான் குடுத்த மாத்திரைதாம்மா காரணமா இருக்கும். அது ஈரல் தழும்பையும் மட்டுப்படுத்துதுன்னு இப்ப சொல்றாங்க. கீழாநெல்லிய நிறுத்திடச் சொல்லி அவர்கிட்ட சொல்லட்டுமா?”

லூர்தம்மாள் பதறிப்போனாள்.

“சொல்லிராதீங்க, டாக்டரம்மா. நான் அதைக் குடிக்கிறதே இல்ல. முருங்கை மரத்துக்குத்தான் ஊத்துறேன்.”

“அப்புறம் அவரை எதுக்கு அரைக்க விடுறீங்க?”

“சாராயம் குடிச்ச கையால அரைச்சா மருந்து பலிக்காதுன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா மனுசன் கடைப் பக்கமே போகல.”

சூசைமாணிக்கம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“ஆட்டோ நிக்குது, வா. டாக்டரம்மா, இன்னும் எம்புட்டு நாளைக்கு அரைக்கணும்?”

மலர்விழி லூர்தம்மாளை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“ஆயுசுக்கும் அரைங்க, ஐயா.”