காற்று பார்த்துக் காட்டிய வீடு

"இந்த மலைக்காத்துலயா வீடு பார்க்க வரச் சொன்னீங்க? குளிர்ல அந்தம்மாவுக்கு மூக்கு விறைச்சுப் போயிடும்" என்றாள் மனைவி மாரே.

"மத்த நாள்ல வந்தா காது போயிடும். பரவாயில்லையா?" என்றார் ஷிமே.

பக்கத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானம் எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் மேலே ஏறும். மற்ற நாட்களில் கடல் பக்கமாக ஏறி, நேராக ஷிமேயின் சிவப்புக் கூரைக்கு மேல் வந்து திரும்பும். அலமாரியில் தட்டெல்லாம் ஆடும். மலைக்காற்று அடிக்கிற அன்று மட்டும் மலைப் பக்கம் ஏறிவிடும். மாரே நிம்மதியாகத் தூங்கி வெகுநாளாகிறது. வீடு விற்றால்தான் பிராச் தீவில் தங்கை வீட்டுப் பக்கம் குடிபோக முடியும். பார்க்க வந்தவர்களோ காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

ஸாக்ரெப் நகரத்திலிருந்து வீடு பார்க்க வந்திருந்த யாஸ்னா அம்மாள் சமையலறையைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. காபியோடு முற்றத்தில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தாள்.

"விமானம் இந்தப் பக்கம் வருமா, ஐயா?"

"இங்க எதுக்கும்மா வரப்போகுது? அதோ பாருங்க."

ஒரு விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மலையை நோக்கி ஏறியது. சத்தம் ஈ பறப்பது போலத்தான் கேட்டது.

"எல்லா நாளும் அப்படித்தானா?"

"எங்கம்மா கல்லறை மேல சத்தியமா."

மாரே இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

யாஸ்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு வேணாம், ஐயா."

"ஏம்மா? விலையா?"

"விலை இல்லை. என் மக இங்கேயிருந்துதான் விமானம் ஓட்டுறா. 'சக்கரம் உள்ள போனதும் எஞ்சினைக் கொஞ்சம் தணிச்சு, கடலோரமா ஒரு சிவப்புக் கூரை மேல திரும்புவேம்மா'ன்னு சொல்லுவா. போன் பேசக்கூட நேரமில்லை அவளுக்கு. போற சத்தத்தையாவது தினம் கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு வந்தேன். அது வேற வீடு போல."

ஷிமே எழுந்தே விட்டார். "இதே வீடுதாம்மா. இந்தக் கூரை மேலதான் திரும்பும். தட்டெல்லாம் ஆடும். என் பொண்டாட்டி தூங்கியே பல வருஷமாச்சு. வேணும்னா கேளுங்க."

யாஸ்னா அவர் கையைப் பரிவோடு தட்டிக்கொடுத்தாள்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க, புரியுது. ஆனா உங்களுக்குப் பொய் சொல்லவே வரலை, ஐயா."