பீரோச் சாவி

தோப்பு வீட்டுக்குத் திருட்டுப் பயம் என்று லைசென்ஸ் எடுத்து ஆவுடையப்பன் வாங்கிய துப்பாக்கியை, அவர் மனைவி கோமதி பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கள்ளன் வந்தா ஓங்கிட்ட சாவி கேட்டுக்கிட்டா நிப்பேன்?" என்று அவர் அடிக்கடி கத்துவார். கள்ளனைவிட அவர் கோபத்துக்குத்தான் அவள் பயந்தாள்.

வேற்றுச் சாதிப் பையனோடு ஓடிப்போன மகள், ஒரு மத்தியானம் அவனையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாவியக் குடுடி!" என்று அலறினார் ஆவுடையப்பன்.

கோமதி அதை ஜன்னல் வழியாகக் கிணற்றில் வீசினாள். அவர் ஜன்னல் வழியாகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார்.

கோமதிக்கு உயிர் வந்தது. காபி போட அடுக்களைக்கு ஓடினாள். தேங்காய் வெட்டும் அரிவாளை அங்கே காணோம்.